மூணு பந்தை ஓரமாக வையுங்கள், அப்பாவை நாற்காலியிலிருந்து எழச் சொல்லுங்கள்

கேள்வி சுருக்கமாக இது. அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. கோவிட் நிமோனியாவில் 23 நாள் ஆஸ்பத்திரி, அதில் 9 நாள் வென்டிலேட்டர். வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது, கக்கூஸுக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்குகிறது. ஊர் உசிலம்பட்டியைத் தாண்டி உள்ளே. மதுரைக்கு வாரம் மூன்று நாள் கூட்டி வர வழியில்லை. வீடியோ காலிலேயே நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா, இல்லை காசு பிடுங்கும் வேலையா? அப்பா மறுபடி வயலுக்குப் போவாரா?

நம்பலாம். ஆனால் எல்லாரையும் நம்பக் கூடாது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் மதுரையில் பிசியோதெரபிஸ்ட். வீடியோ காலில் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது ஆசைப்பட்டு அல்ல. 2021 மே மாதம், தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று வந்த நேரம், மதுரையை ஒட்டிய தோப்பூரில் அவசர அவசரமாக ஆக்சிஜன் படுக்கை போட்டுக்கொண்டிருந்தார்கள், பஸ் ஓடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள் மேலூரிலும் பேரையூரிலும் கட்டிலில் கிடந்தார்கள், நாங்கள் இங்கே இருந்தோம். கையில் இருந்தது வாட்ஸ்அப் மட்டும்தான். அப்போது தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். கோவிட் இப்போது குறைந்துவிட்டது உண்மை, ஆனால் சர்க்கரை உள்ள, வயதான ஒருவருக்கு நிமோனியா வரை போனால் அதற்கப்புறம் நடப்பது அன்றைக்குப் பார்த்த அதே கதைதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். மூச்சு வாங்குகிறது என்றால் எல்லாரும் நெஞ்சைத்தான் பார்ப்பார்கள். நான் தொடையைப் பார்ப்பேன். ஒன்பது நாள் மயக்க மருந்தில் அசையாமல் கிடந்த உடம்பில் தசை வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி கரைந்துவிடும். அதோடு ஸ்டீராய்டு. ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிக்கு டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு உயிரைக் காப்பாற்றுகிறது என்பதை 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு காட்டியது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஸ்டீராய்டு அதிக அளவில் அல்லது அதிக நாள் போனால் இடுப்பையும் தொடையையும் பலவீனமாக்கும், சர்க்கரையையும் ஏற்றிவிடும். உங்கள் அப்பா தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். பலமில்லாத கால் அதே பத்து அடியை நடப்பதற்கு அதிகம் திணறும், சீக்கிரம் களைக்கும், அந்தத் திணறலுக்கு ஈடுகொடுக்க நுரையீரல் வேகவேகமாக இழுக்கும். பாதி மூச்சிரைப்பு காலிலிருந்து வருகிறது என்று நான் சொன்னால் நோயாளியின் வீட்டார் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

நுரையீரல் தன் பாட்டுக்கு ஆறும், மாதக் கணக்கில். சிடி ஸ்கேனில் தெரியும் திட்டுகள் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துகொண்டே வரும், சிலருக்குத் தழும்பு நின்றுவிடும். எந்தப் பயிற்சியும் அந்தத் தழும்பைக் கரைக்காது. "நுரையீரலைச் சுத்தம் செய்யும் ஐந்து ஆசனங்கள்" என்று வரும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அவற்றின் மேல் எனக்குள்ள கோபம் இதனால்தான்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. சீனாவில் கோவிட்டுக்காக ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பி இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆறு வாரம் செல்போன் செயலி வழியாக வாரம் மூன்று நான்கு முறை பயிற்சி கொடுத்தார்கள். முடிவில் ஆறு நிமிட நடையில் இவர்கள் அடைந்த முன்னேற்றம் மற்றவர்களுடையதைவிடச் சராசரியாக 65 மீட்டர் கூடுதல். 30 மீட்டர் கூடினாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்பது எங்கள் கணக்கு, அப்படியானால் 65 என்பது பெரிய விஷயம். 28ஆவது வாரத்தில் அளந்தபோதும் அந்த இடைவெளி அப்படியே இருந்தது. கால் பலமும் கூடியிருந்தது. ஆனால் குழாயில் ஊதச் சொல்லி எடுக்கும் நுரையீரல் அளவுகளில் இரு தரப்புக்கும் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. எனக்கு அந்த ஆய்விலேயே பிடித்த இடம் இதுதான். நுரையீரல் அதேதான், ஆள் மட்டும் கூடுதல் தூரம் நடக்கிறார்.

பிரிட்டனில் 585 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு எட்டு வாரம் இணையத்தில் குழுவாகப் பயிற்சி, மனநலப் பேச்சும் சேர்த்து. ஒரு வருடம் கழித்தும் அவர்களுடைய வாழ்க்கைத் தரம் மற்றவர்களைவிடச் சற்று மேலாகவே இருந்தது. கோவிட் அல்லாத நாள்பட்ட நுரையீரல் நோய்களுக்கு, நேரில் வரவழைத்துத் தரும் பயிற்சிக்குத் தொலைவழிப் பயிற்சி இளைத்ததல்ல என்று 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை 2021இல் சொன்னது. பயிற்சியைப் பாதியில் விடாமல் முடித்தவர்கள் நேரில் வந்தவர்களில் 70 சதவீதம், வீட்டிலிருந்தே செய்தவர்களில் 93. இதற்குப் பெரிய விளக்கமெல்லாம் வேண்டாம். உசிலம்பட்டியிலிருந்து 40 கிலோமீட்டர் பஸ்ஸில் குலுங்கி வந்து, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே ஒருவருக்கு அன்றைய பலம் தீர்ந்துவிடுகிறது.

கேமரா வழி வைத்தியம் நம்ம பக்கத்துக்குப் புதுசும் இல்லை. அரவிந்த் கண் மருத்துவமனை கிராமத்துக் கண் மையங்களில் இருபது வருடமாக அதைத்தான் செய்கிறது. டாக்டர் நகரத்தில் இருப்பார், நோயாளி ஊரில் இருப்பார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அங்கே நோயாளி பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு பெண் இருந்து கருவியைப் பிடித்துக் காட்டுவார். அவர் இல்லாமல் அந்த ஏற்பாடே நடக்காது. உங்கள் வீட்டில் அந்த வேலை உங்களுடையது. அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டு நீங்கள் கடைக்குப் போவதாக இருந்தால் ஆரம்பிக்கவே வேண்டாம்.

ஒரு தடவை மட்டும் எப்படியாவது நேரில் கூட்டி வாருங்கள். பெரியாஸ்பத்திரியோ, தோப்பூர் நெஞ்சக மருத்துவமனையோ, உங்களுக்குத் தெரிந்த நெஞ்சக மருத்துவரோ, யாராவது ஒருவர் முழுதாகப் பார்த்து "பயிற்சி செய்யலாம்" என்று சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, சிடி படம், ஈசிஜி, எக்கோ எடுத்திருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். 30 மீட்டர் நீளத் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, தூரத்தையும் ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் அங்கே அளப்பார்கள். உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டும் ஆள் நடந்தால் 86க்கு விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அது தெரியாமல் போனில் "இன்னும் ரெண்டு சுத்து நடங்க ஐயா" என்று யாரும் சொல்லக் கூடாது.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றியும் கேளுங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய திட்டம், பிரஷர் சர்க்கரை மாத்திரை மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அதில் உண்டு. மாதம் ஒருமுறை ஒருவர் நேரில் வந்து தொட்டுப் பார்ப்பதும் நடுவில் வீடியோ காலும் சேர்ந்தால் அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

இனி வீட்டில். பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கும், இல்லையென்றால் வாங்குங்கள். கை சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டி, கையை மடியில் வைத்து, எண் ஓடி நிற்கும் வரை ஒரு நிமிடமாவது பொறுத்துப் படிக்க வேண்டும். மாட்டிய உடனே வரும் எண்ணைப் பார்த்துப் பதறி, நள்ளிரவில் கார் பிடித்து மதுரை வந்து, இங்கே 97 காட்டியதும் அசட்டுச் சிரிப்போடு திரும்பிய குடும்பம் ஒன்றல்ல. இதற்கு நேர்மாறும் உண்டு, கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம். அதனால் எண் நன்றாக இருக்கிறது, ஆள் நன்றாக இல்லை என்றால் ஆளை நம்புங்கள்.

அளவுக்கு நான் வைத்துக்கொள்ளும் சோதனை, ஒரு நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்பது. கை வைக்காத மர நாற்காலி, ஒரு முழ உயரம், அதாவது 45 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது, முதுகுப்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், வேண்டாம். கை இரண்டையும் மார்பில் கட்டிக்கொண்டு எழ வேண்டும். எண்ணிக்கையை எழுதுங்கள், ஆனால் முடிந்ததும் ஆக்சிமீட்டரைக் கழற்றிவிடாதீர்கள், பலருக்கு எண் இறங்குவதே உட்கார்ந்த பிறகு வரும் அந்த ஒரு நிமிடத்தில்தான். ஓய்வில் இருந்ததைவிட 4 புள்ளி குறைந்தாலோ 88க்குக் கீழே போனாலோ அன்றைக்கு அவ்வளவுதான், டாக்டரிடம் சொல்ல வேண்டும். மூன்று தடவை கூடுதலாக எழ முடிந்தால்கூட அது முன்னேற்றம்தான்.

போனை எங்கே வைப்பது என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். முகத்துக்கு நேரே வைத்தால் எனக்கு மூக்குதான் தெரியும். பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், அரிசி டின் மேலோ அண்டா மேலோ சாய்த்து வைத்து, பாதம் முதல் தலை வரை தெரிகிற மாதிரி வையுங்கள். சிக்னலையும் முன்கூட்டியே பாருங்கள். சேடப்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு முறையும் வீடியோ காலில் வரும்போதே 120 நாடித்துடிப்போடு இரைக்க இரைக்க வருவார். இரண்டு வாரம் நானும் அவருக்கு இதயத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பயிற்சியைக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஒருநாள் பின்னால் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கேட்டால், "சிக்னல் மொட்டை மாடியிலதானம்மா கிடைக்குது" என்கிறார். எனக்காக மாடி ஏறி வந்துவிட்டு, அப்புறம் என் முன்னால் மெதுவாகக் கை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார். தப்பு என்னுடையதுதான், முதல் நாளே எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

ஒரு அமர்வு 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று, ஆறிலிருந்து எட்டு வாரம் அல்லது அதற்கும் மேல். ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்குவது, பட்டாசாலையிலோ முற்றத்திலோ நடை, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குதல், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்குதல், கடைசியில் தணித்தல். இவ்வளவுதான், அதிசயம் ஒன்றுமில்லை. எவ்வளவு கடினமாக என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. "பத்துக்கு எத்தனை மூச்சு வாங்குது?" என்று கேட்போம், 3 அல்லது 4இல் நிற்க வேண்டும். ஒரு முழு வாக்கியம் பேச வர வேண்டும், பாட்டுப் பாட வரக் கூடாது, அந்த அளவு. ஆனால் நம்ம ஊர் அப்பாக்களிடம் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான், "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்." அதனால் கழுத்து நரம்பு விடைக்கிறதா, தோள் மேலே ஏறுகிறதா என்று நீங்கள் பாருங்கள். உதடு நீலமானால் கேள்வியே தேவையில்லை, நிறுத்துங்கள்.

மூச்சுப் பயிற்சி வேண்டாமா என்றால், வேண்டும், ஆனால் துணைக்கு. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, ஊதாங்குழலில் அடுப்பை ஊதுவது போலவும் ஆனால் அதைவிட மெதுவாகவும், இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் விட வேண்டும். எதையாவது தூக்கும்போது, எழும்போது, படி ஏறும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கக் கூடாது. உங்கள் அப்பாவுக்குக் கக்கூஸ் போய் வந்தால் மூச்சு வாங்குகிறது என்கிறீர்களே, குந்தி உட்கார்ந்து முக்கும்போது எல்லாரும் மூச்சை அடக்குவார்கள், அப்புறம் குந்தியதிலிருந்து எழ வேறு வேண்டும். சந்தையில் கிடைக்கும் கம்மோடு நாற்காலி ஒன்று வாங்கிப் போடுங்கள், பாதிப் பிரச்சினை அன்றைக்கே குறையும். குளிக்க ஒரு ஸ்டூல், சட்டை போட உட்கார்ந்துகொண்டு. மூச்சு முட்டினால் படுக்க வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் குனிந்து முழங்கையைத் தொடையில் ஊன்றச் சொல்லுங்கள்.

தலைப்பில் சொன்ன அந்த மூணு பந்து டப்பா, மூச்சுப் பயிற்சிக்கான பிளாஸ்டிக் கருவி. டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் கொடுத்திருப்பார்கள், எப்படிச் செய்வது என்று சொல்ல யாருக்கும் நேரம் இருந்திருக்காது. மேலூர் அம்மா ஒருவர் மூன்று வாரம் அதில் ஊதிக்கொண்டே இருந்தார். பந்து அசையவில்லை, நுரையீரல் போயே போய்விட்டது என்று வீடே அழுதது. அது உறிஞ்ச வேண்டிய கருவி. மெதுவாக, நீளமாக உறிஞ்சி, ஒரு பந்தோ இரண்டு பந்தோ எழுந்து நின்றால் போதும். படுக்கையில் கிடந்த நாட்களில் அதற்கு வேலை இருந்தது, இப்போது நடப்பவருக்கு நடைதான் பெரிய மருந்து. பலூன் ஊத வைக்காதீர்கள். கபாலபாதி மாதிரி வேகமாக அடித்து விடுவதும் இப்போது வேண்டாம்.

அடுத்தது அதிகம் பேசப்படாத ஒன்று, இதை நிதானமாகப் படியுங்கள். கோவிட்டுக்குப் பிறகு சிலருக்கு உடம்பு விசித்திரமாக நடந்துகொள்ளும். செய்யும்போது நன்றாக இருக்கும், அன்று ராத்திரியோ மறுநாளோ மறுநாளுக்கு மறுநாளோ ஆளை அடித்துப் போட்ட மாதிரி கிடத்திவிடும், தலை மந்தமாகும், தூக்கமும் தேற்றாது. அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், நாலாவது நாள் தெம்பாக இருக்கிறது என்று கரும்புக்கு மடை மாற்றப் போய்விட்டார். வந்தார், சாப்பிட்டார், தூங்கினார். அடுத்த மூன்று நாள் எழவில்லை. சோம்பேறித்தனம் என்று வீட்டில் ஏச்சு வேறு. இப்படிப்பட்டவர்களிடம் "தினமும் பத்து அடி கூட்டு" என்கிற முறை செல்லாது, கெடுதல் செய்யும். உலக சுகாதார நிறுவனமும் இதை எச்சரித்திருக்கிறது. அவர்களுக்குச் செய்ய வேண்டியது உள்ள பலத்தைச் சிக்கனமாகப் பிரித்துச் செலவு செய்யப் பழக்குவது. அதனால் பயிற்சி நாளைவிட அதற்கடுத்த இரண்டு நாளை நோட்டில் எழுதுங்கள். போனில் வருபவர் "முந்தாநாள் செய்ததற்கு நேற்று எப்படி இருந்தது?" என்று கேட்கவே இல்லையென்றால் அவருக்கு இது தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

சர்க்கரை விஷயம் சுருக்கமாக. ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியில் இன்சுலின் அளவைக் கூட்டியிருப்பார்கள். ஸ்டீராய்டு நின்ற பிறகும் அதே அளவைப் போட்டுக்கொண்டு, கூடவே பயிற்சியும் செய்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வேர்த்துக் கை நடுங்கினால் மூச்சிரைப்பு என்று நினைக்காமல் சர்க்கரையைப் பாருங்கள். பயிற்சிக்கு முன் 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான். ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் ஓடுகிறதென்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பாட்டில், கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்தால் தசை எங்கிருந்து வரும்? தினம் இரண்டு முட்டை, சுண்டல், பருப்பு, மீன் அல்லது கோழி. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டுக்கால் சூப் கொடுப்பதில் தப்பில்லை, அதுவே போதும் என்று நினைப்பதுதான் தப்பு. விறகடுப்புப் புகை பக்கம் அவர் கட்டில் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓடினால் சாமி விளக்கும் பீடியும் அந்த அறையில் கூடாது.

ஓய்விலேயே ஆக்சிஜன் 92க்குக் கீழே நின்றால், நெஞ்சு வலித்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், சளியில் ரத்தம் வந்தால், மயக்கம் வந்தால், வீடியோ காலெல்லாம் வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். ஒரு காலில் வரும் வீக்கத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறும் ஆபத்து கோவிட்டுக்குப் பிறகு உண்டு. மூக்கு ஒரு பக்கம் அடைத்து முகம் வலித்து, கறுப்பாக ஏதும் தெரிந்தாலும் அன்றைக்கே ஓட வேண்டும், 2021இல் கரும்பூஞ்சையில் பட்டது போதும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் சாயந்தரக் காய்ச்சலும் இருந்தால் டிபிக்குச் சளிப் பரிசோதனை செய்யுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம்.

சரி, உங்களிடம் பேசிய அந்த ஆள். அவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்க்காமல் ஆரம்பிப்பாரா? முதல் இரண்டு வாரமாவது தனியாக, நேரலையில், ஆக்சிமீட்டர் விரலில் மாட்டியிருக்கப் பார்ப்பாரா, இல்லை பதிவு செய்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கட்டைவிரல் போடச் சொல்வாரா? நடுவில் ஆள் சரிந்தால் என்ன செய்வார், உங்கள் வீட்டு முகவரியும் பக்கத்து வீட்டு எண்ணும் வாங்கி வைத்துக்கொள்வாரா? எந்த நெஞ்சக மருத்துவரோடு பேசிக்கொள்வார்? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொன்னால் காசு கொடுக்கலாம். முதல் பேச்சிலேயே கருவியோ மூலிகைப் பொடியோ விற்றால் போனை வைத்துவிடுங்கள்.

வயலுக்குப் போவாரா என்றால், பார்க்காமல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்துவிட்டு ஆறேழு மாதத்தில் வண்டி ஓட்டி வயலுக்குப் போனவர்களும் உண்டு, வருடம் கழித்தும் வரப்பில் உட்கார்ந்து மேற்பார்வை மட்டும் பார்ப்பவர்களும் உண்டு. இப்போதைக்கு வயலை விடுங்கள். வீட்டு வாசலிலிருந்து டீக்கடை வரை எத்தனை அடி என்று நீங்கள் நடந்து எண்ணி வையுங்கள், நடுவில் உட்கார எங்கே திண்ணை இருக்கிறது என்றும் பார்த்து வையுங்கள். முதல் நாள் அந்த ஆளிடம் இந்த இரண்டையும் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் அவர் அளவு போட வேண்டும்.